விருட்டன் பார்த்த ஏரி

கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு குளம். அந்தக் குளத்தங்கரையில் ஒரு கீரி. பெயர் விருட்டன்.

சேர்ந்தாற்போல் நாலு நொடி ஒரே இடத்தில் நின்றால் அவனுக்குக் கால் அரிக்கும். தின்னும்போதே எழுந்து ஓடுவான். தூங்கும்போதுகூடப் பின்னங்கால் இரண்டும் மண்ணைப் பறித்துக்கொண்டே இருக்கும். உனக்கு உட்காரவே தெரியாதாடா என்று யாராவது கேட்டால், உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று திருப்பிக் கேட்பான். பதில் வருவதற்குள் ஆள் இருக்க மாட்டான்.

இத்தனை ஓட்டமும் எதற்கு என்கிறீர்கள்? இரை தேடியா? இல்லை. யாருக்காவது பயந்தா? அதுவும் இல்லை. எல்லாம் சாயங்காலம் வந்து நாலு பேரிடம் சொல்வதற்குத்தான்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் எல்லாரும் மதகுப் பக்கம் கூடுவார்கள். அன்றைக்கு எங்காவது போய் வந்தவர் மதகுக் கல்லின் மேல் ஏறி, போன கதையைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும். குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் கதை அறுந்து போகுமாம். கேட்டவரைக் கடைசி வரிசைக்கு விரட்டிவிடுவார்கள். உருண்டையன் என்று ஒரு முள்ளெலி இருந்தான். அவனுக்கு வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வராது. ஒருவர் மாமரத்தில் ஏறினேன் என்றால், காயா பிஞ்சா என்பான். ஓடையைத் தாண்டினேன் என்றால், எந்த இடத்தில் தாண்டினாய் என்பான். பாவம், கடைசி வரிசையிலேயே குடியிருந்தான்.

'உம்'மிலும் தினுசு உண்டு, கவனித்திருக்கிறீர்களா? மரியாதைக்கு ஒன்று உண்டு. பாதித் தூக்கத்தில் ஒன்று உண்டு. வாயைப் பிளந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, அப்புறம் என்ன ஆச்சு என்று தவித்துப் போய்ப் போடுகிற நீளமான 'உம்ம்ம்' ஒன்று உண்டு. அந்த நீள உம்முக்காக விருட்டன் உயிரையே கொடுப்பான்.

கொஞ்ச நாளாக அது அவனுக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் வகிடனுக்கே போயிற்று.

வகிடன் ஒரு குரங்கு. சீப்பால் நடுவகிடு எடுத்த மாதிரி தலைமுடி இருக்கும், அதனால் அந்தப் பெயர். காட்டை ஒட்டிப் போகிற நெடுஞ்சாலையில் ஓர் இடத்தில் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். லாரிகள் அங்கே வேகத்தைக் குறைக்கும். குறைத்ததும் இவன் புளியமரத்திலிருந்து குதித்து, மேலே ஏறிக்கொள்வான். வாழைத்தார் லாரியில் ஏறி மலையடிவாரம் வரை போய் வந்தேன் என்பான். மேகம் வந்து மூக்கில் இடித்தது என்பான். எதிரே வந்த பஸ் டிரைவர் எனக்குக் கும்பிடு போட்டார் என்பான். குளமே 'உம்ம்ம்' என்று முழங்கும்.

அதற்கு எதிரே விருட்டனிடம் என்ன இருந்தது? முயலோடு ஓடிய பந்தயம். அதுவும் கரையான் புற்றிலிருந்து செங்கல் சூளை வரை. அதுவும் தோற்ற பந்தயம். அவன் அதை 'மூக்கு நீளத்தில் தப்பிப் போச்சு' என்று சொன்னான். முயல் சூளைக்குப் போய், ஒரு கைப்பிடி அறுகம்புல்லைத் தின்று முடித்து, வாயைத் துடைத்த பிறகுதான் இவன் போய்ச் சேர்ந்தான். இருந்தும் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது அல்லவா? மரியாதைக்கு நாலு உம் விழுந்தது. அன்று ராத்திரி முழுக்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த வருஷம் கோடை முரட்டுத்தனமாக வந்தது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. நடுவில் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் வெடித்த சேறு. அந்தத் தண்ணீரும் பச்சையாகி நாற ஆரம்பித்தது. கரைக் கருவேல மரத்தில் இரண்டு பருந்துகள் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டன. எங்கே போவது, எப்போது போவது என்ற பேச்சே எல்லார் வாயிலும்.

எல்லாரையும்விட அதிகமாக அந்தக் கவலையைச் சுமந்தவள் நீர்க்கோழி செம்மூக்கி. அவளுக்கு ஐந்து குஞ்சுகள். கரிக்கட்டை மாதிரி கறுப்பு, அலகு மட்டும் சிவப்பு. அவளுக்குச் சிறகு இருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் முளைக்கவில்லை. தான் மட்டும் பறந்து போய்த் தண்ணீர் தேடலாம் என்றால், அத்தனை நேரமும் பருந்துகளுக்கு நடுவே பிள்ளைகளை யாரிடம் விட்டுப்போவது? போனால் ஒரே தரம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு, நிச்சயமாகத் தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் அவள் தினம் சாயங்காலம் மதகுக்கு வந்து, யாராவது தண்ணீரைப் பற்றிச் சொல்கிறார்களா என்று காத்திருந்தாள். மற்றவர்கள் பொழுதுபோக்குக்குக் கேட்டார்கள். அவள் வழி தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஒரு நாள் காலையில் விருட்டன் துணிந்துவிட்டான். வகிடன் ஏறினால் நான் ஏறக் கூடாதா என்று அவனும் புளியமரத்தில் தொற்றிக்கொண்டான். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று வந்து மெதுவானது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். வைக்கோலில் தலைகுப்புற விழுந்து, தும்மி, எழுந்து பார்த்தால், மரமெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது!

அடடா, என்ன வேகம்! அவனுடைய நாலு காலும் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த வேகம் அது. மீசை பின்னால் படிந்துவிட்டது. அவன் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. ஒன்றைப் பார்க்கும்போதே, இதை எப்படிச் சொல்லலாம் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிடுவான். அதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அப்படிப் போகும்போதுதான் ஒரு வளைவில், இடது கைப்பக்கம், கண் கூசும்படி ஒன்று மின்னியது. நீலமாக, பரந்து, கரை தெரியாமல், வெயிலில் தகதக என்று. ஏரி! எவ்வளவு பெரிய ஏரி! விருட்டன் எழுந்து நின்று பார்த்தான். லாரி வளைவைத் தாண்டியது. ஏரி போய்விட்டது. நாலு மூச்சு விடுகிற நேரம் பார்த்திருப்பான், அவ்வளவே. அப்புறம் லாரி எங்கோ நின்றது, இவன் இறங்கினான், எதிர்ப்பக்கம் போகிற லாரியைப் பிடித்துத் திரும்பி வந்தான். திரும்பும் வழியெல்லாம் அவன் வாய் கதையைத் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மதகுக் கல்லின் மேல் அவன் ஏறிய ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமே. நெஞ்சை நிமிர்த்தி, வாலைக் கம்பாக்கி நின்றான். லாரியில் குதித்ததைச் சொன்னான். நல்ல உம் விழுந்தது. வேகத்தைச் சொன்னான். இன்னும் நல்ல உம். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு ஏரியைப் பார்த்தேன் என்றான்.

'உம்ம்ம்' என்றது குளம்.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பார்த்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த விட்டதா அந்த உம்? ஓடுகிற லாரியிலிருந்து குதித்து ஏரியில் இறங்கினேன் என்றான். உம்ம்ம். கழுத்தளவு தண்ணீர், வயிறு முட்டக் குடித்தேன், தேங்காய்த் தண்ணீர் தோற்றது போ என்றான். உம்ம்ம்! கரையெல்லாம் கோரை, மீன்கள் துள்ளி என் முதுகில் விழுந்தன என்றான். ஒவ்வொரு உம்முக்கும் அந்த ஏரியில் இரண்டு முழம் தண்ணீர் ஏறியது.

கடைசி வரிசையிலிருந்து உருண்டையன், "மீன் என்ன மீன்?" என்றான். எல்லாரும் திரும்பி முறைத்தார்கள். அவன் தன்னைச் சுருட்டிக்கொண்டு பந்தாகிவிட்டான்.

வகிடன் மரக்கிளையில் உட்கார்ந்து, வாலைத் தடவியபடி, மற்றவர்களோடு சேர்ந்து உம் கொட்டினான். அதுதான் விருட்டனுக்கு எல்லாவற்றையும்விட இனித்தது.

கூட்டம் கலைந்த பிறகு செம்மூக்கி தயங்கித் தயங்கி அவனிடம் வந்தாள். கதை முடிந்த பிறகு கேட்பதில் தப்பில்லை என்று அவளாகவே ஒரு நியாயம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

"தம்பி, அந்த ஏரி எவ்வளவு தூரம் இருக்கும்?"

"இந்தா, கூப்பிடு தூரம்தான் அக்கா. போனேன், வந்தேன். சாலையை ஒட்டியே போனா இடது கைப்பக்கம்."

லாரியின் மேல் உட்கார்ந்து போனவனுக்கு எல்லா ஊரும் கூப்பிடு தூரம்தான். அவள் ஐந்து குஞ்சுகளையும் திரும்பிப் பார்த்தாள். இதுங்க நடந்துடுமா என்றாள். ஓ, தாராளமா என்றான். அந்தத் தாராளத்துக்கு அவனுக்கு என்ன செலவு? அவள் கண் கலங்கி, நீ நல்லா இருக்கணும் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியும் முன்பே விருட்டன் எழுந்து ஓடிவிட்டான். நேற்றைய கதை நேற்றோடு சரி. இன்றைக்கு என்ன சொல்வது? முயலை எழுப்பி, மறுபடியும் சூளை வரை பந்தயம் என்றான். முயல் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தது. இந்தத் தடவையும் தோற்றான். ஆனால் பாதி வழியில் ஒரு நாய் துரத்தியது. அது போதும் அவனுக்கு. ஒரு நாயை மூன்று நாயாக்கலாமா, நாலாக்கலாமா என்று யோசித்துக்கொண்டே வெயில் ஏறும் நேரத்துக்குக் குளத்துக்குத் திரும்பினான்.

கோரைப்புல் ஓரம் காலியாக இருந்தது. எப்போதும் கீச்கீச்சென்று கேட்கிற இடம். உருண்டையன் மட்டும் ஒரு வேரடியில் இருந்தான். அவனிடம் கேட்டதற்கு, செம்மூக்கி அக்கா வெள்ளென எழுந்து குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு உன் ஏரிக்குப் போய்விட்டாள் என்றான். நாளைக்குக் காட்டுப்பன்றிக் குடும்பமும் கிளம்புகிறது, ஆமைகளும் கிளம்புகின்றன, எல்லாரும் மூட்டை கட்டாத குறைதான் என்றான்.

விருட்டனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. என் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு பார்த்தாயா! ஆனால் உள்ளே எங்கோ ஒன்று உறுத்தியது. சரி, ஏரி இருக்கிறதே, நாம் குடித்தோமா இல்லையா என்பதா இப்போது முக்கியம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். கால் நிற்கவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கடைசியில் புளியமரத்தடிக்குப் போய், மேலே இருந்த வகிடனைக் கூப்பிட்டு, அந்தச் சாலையில் நீ பல தரம் போனவன் ஆயிற்றே, அந்த ஏரியில் என்றைக்காவது குடித்திருக்கிறாயா என்று கேட்டான். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டான்.

"எந்த ஏரி? வளைவுல மின்னுதே, அதுவா? அது கண்ணாடிடா."

"கண்ணாடியா?"

"ஆமா. மனுஷங்க வெயில்ல இருந்து கரண்டு எடுக்கப் பரப்பி வச்சிருக்காங்க. அத்தனையும் சோலார் பலகை. நானும் முதல் தடவை ஏமாந்து குதிச்சு, உட்காரற இடம் வெந்து போச்சு."

"அப்ப நேத்து ஏன் சொல்லலை?"

வகிடன் அவனை வேடிக்கையாகப் பார்த்துச் சிரித்தான். "மேகம் மூக்குல இடிச்சுதுன்னு நான் சொன்னப்போ நீ குறுக்கே பேசினியா? உன் கதையில நான் எதுக்குப் பேசணும்?"

அவ்வளவுதான். இருவருக்கும் நடுவே இப்படி ஓர் ஒப்பந்தம் இருந்ததே இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. வகிடனும் சிரிப்பை நிறுத்திவிட்டான். செம்மூக்கி நிஜமாவே கிளம்பிட்டாளா என்றான். விருட்டன் அங்கே இல்லை.

வாழ்க்கையில் எத்தனையோ ஓட்டம் ஓடியிருக்கிறான். இப்படி ஒன்று ஓடியதில்லை. லாரிக்குக் காத்திருக்க அவனால் முடியவில்லை. சாலையோரப் புழுதியில் ஓடினான். தார் ரோட்டின் சூடு பக்கத்தில் அனலாக அடித்தது. நேற்று கண்மூடித் திறப்பதற்குள் வந்த தூரம் இன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது. ஒரு மைல்கல் போயிற்று. இன்னொன்று வந்தது. புழுதியில் பெரிய காலடி ஒரு வரிசை, அதன் பின்னால் புள்ளிப் புள்ளியாகச் சின்னக் காலடிகள். முதலில் நேராகப் போயின. போகப் போக வளைந்து வளைந்து போயின. ஓர் இடத்தில் எல்லாம் ஒரு கல்லின் நிழலில் சுற்றிச் சுற்றி நின்றிருந்தன. அதைப் பார்த்ததும் விருட்டனுக்கு அழுகை வந்தது. இதுங்க நடந்துடுமா என்று அவள் கேட்டது காதிலேயே நின்றது.

வளைவு வந்தது. கம்பி வேலி. வேலிக்கு அப்பால் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகைகள், வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. கிட்டத்தில் பார்க்க அதில் ஏரியின் சாயல்கூட இல்லை. கீழே சரளைக்கல். அந்தக் கல்லில் கால் வைக்க முடியவில்லை.

ஒரு பலகையின் நிழலில் செம்மூக்கி உட்கார்ந்திருந்தாள். சிறகு இரண்டும் விரிந்து தொங்கின. அதன் அடியில் குஞ்சுகள் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கின. கடைக்குட்டி மட்டும் படுத்திருந்தது.

அவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததே, அதை என்னவென்று சொல்ல! வந்துட்டியா தம்பி என்றாள். ஒவ்வொரு பலகையாக ஏறிக் கொத்திக் கொத்திப் பார்த்தேன், தண்ணீர் உள்ளே இருக்கிறது, எப்படி எடுப்பது என்று தெரியவில்லை என்றாள். பிறகு, தான் ஏதோ பிசகு செய்துவிட்டவள் போல, மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான் தப்பான பக்கம் வந்துட்டேன் போல. நீ குடிச்ச இடத்தைக் காட்டு தம்பி. கோரை இருக்குன்னியே, அந்தப் பக்கம்."

விருட்டனுடைய நாக்கு பழக்கப்பட்ட நாக்கு. ஒரு பதில் அதில் தயாராக வந்து உட்கார்ந்துவிட்டது. நேத்து இருந்துச்சுக்கா, ராத்திரியே மனுஷங்க தண்ணியை எடுத்துட்டாங்க போல. எவ்வளவு நல்ல பதில்! அவள் நம்பியிருப்பாள். அவன் பேரும் கெட்டிருக்காது. ஐந்து சின்ன வாய்களும் அவனைப் பார்த்துத் திறந்திருந்தன. அந்தப் பதிலை அவனால் வெளியே விட முடியவில்லை.

"நான் குடிக்கலைக்கா," என்றான். "இறங்கவே இல்லை. லாரியில போகும்போது மின்னுச்சு, பார்த்தேன். மத்ததெல்லாம் நானா சொன்னது."

செம்மூக்கி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்கு அவளுக்கு நேரமில்லை. கொஞ்ச நேரம் கடைக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"சரி. நேத்து வேற எங்கயாவது நிஜமா குடிச்சியா? யோசிச்சுச் சொல்லு. எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி."

விருட்டன் யோசித்தான். நேற்றைய நாளைத் திரும்பப் பார்த்தால், அதில் அவன் சொன்னதுதான் நிறைந்திருந்தது. பார்த்தது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தேடினான். கிடைத்தது.

லாரி எங்கோ நின்றது, இவன் இறங்கினான் என்று சொன்னேன் அல்லவா? அங்கே என்ன இருந்தது என்று உங்களுக்கும் நான் சொல்லவில்லை. அவனே யாரிடமும் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? அது ஒரு டீக்கடை. டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருந்தார். கடைக்குப் பின்னால் கிளாஸ் கழுவிய தண்ணீரும், தொட்டி வழிந்த தண்ணீரும் ஓடி ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. சுற்றிலும் கொஞ்சம் புல், நாலைந்து தவளை. எதிர்லாரி வரும்வரை விருட்டன் அந்தச் சேற்றில் வயிறு படக் கிடந்தான். தாகத்துக்கு அதைத்தான் குடித்தான். எச்சில் கிளாஸ் கழுவின தண்ணீரைக் குடித்தேன் என்று மதகுக் கல்லில் ஏறி எவனாவது சொல்வானா? எந்த மடையன் அதற்கு உம் கொட்டுவான்? அதனால் கல்லில் ஏறும் முன்பே அதை மறந்துவிட்டான்.

"இருக்குக்கா," என்றான். "அழுக்குத் தண்ணி. ஆனா நான் குடிச்சேன். இதை நம்பு."

"எவ்வளவு தூரம்?"

கூப்பிடு தூரம் என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கினான். குஞ்சுகளின் கால்களைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "இன்னும் ரெண்டு வளைவு. இதுங்க நடக்கிற நடைக்கு வெயில் தாழ்ந்துடும். கஷ்டம்தான்."

அவள் எழுந்தாள். நாலு குஞ்சுகளும் தள்ளாடி எழுந்தன. கடைக்குட்டி எழவில்லை. செம்மூக்கி அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். கீரியின் வாயில் எந்தத் தாய் தன் குஞ்சைக் கொடுப்பாள்? அவள் கொடுத்தாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

விருட்டன் பல் படாமல் அதைக் கவ்விக்கொண்டான். நடந்தார்கள். ஓடத் துடிக்கிற நாலு காலையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, நாலு குஞ்சுகளின் நடைக்கு அவன் நடந்தான். அவனுக்குள்ளே எல்லாம் ஓடு ஓடு என்றது. ஓட முடியாது, பின்னால் வருகிறவர்கள் விழுந்துவிடுவார்கள். வாய்க்குள்ளே கடைக்குட்டியின் நெஞ்சு டிக்டிக்கென்று நாக்கில் இடித்துக்கொண்டே வந்தது. முதல் வளைவு தாண்டியபோது இடித்தது. இரண்டாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றுவிட்டது.

அவன் நிற்கவில்லை. சொல்லவும் இல்லை. வாயில் இருந்ததால் சொல்லவும் முடியாது.

டீக்கடை வந்தது. பின்பக்கம் பள்ளம் இருந்தது. தண்ணீர் இருந்தது, நேற்றுப் போலவே அழுக்காக, நேற்றுப் போலவே குளிர்ச்சியாக. நாலு குஞ்சுகளும் தலைகுப்புற அதில் விழுந்தன. குடித்தன, குடித்தன, அப்படிக் குடித்தன. விருட்டன் கடைக்குட்டியைத் தண்ணீரின் விளிம்பில், புல்லின்மேல் மெல்ல வைத்தான். செம்மூக்கி வந்து அலகால் அதன் அலகை நனைத்தாள். இன்னொரு தரம் நனைத்தாள். பிறகு நனைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

வெகுநேரம் விருட்டன் ஒரே இடத்தில் நின்றான். அவன் கால் அரிக்கவில்லை.

கடைசியில் அவன்தான் சொன்னான், நாளைக் காலையில் பன்றிகளும் ஆமைகளும் அந்தக் கண்ணாடிக்குக் கிளம்பிவிடுவார்கள், நான் இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று. போ என்றாள். அவன் நாலு அடி போனதும் கூப்பிட்டாள்.

"தம்பி, போய்ச் சொல்லு. ஆனா நீர்க்கோழி நாலு குஞ்சோட நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லாதே. முதல்ல அஞ்சுன்னு சொல்லு. அப்புறம் நாலுன்னு சொல்லு."

விருட்டன் எதிர்லாரியைப் பிடித்துக் குளத்துக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. இன்றைக்கு என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று எல்லாரும் ஆவலாக வழிவிட்டார்கள். அவன் கல்லின் மேல் ஏறவில்லை. கீழேயே நின்று சொன்னான். நான் பார்த்தது ஏரி இல்லை, கண்ணாடி என்றான். இறங்கவில்லை, குடிக்கவில்லை, மீன் துள்ளவில்லை என்றான். டீக்கடைப் பள்ளத்தைச் சொன்னான். அழுக்கு என்பதையும் சொன்னான், ஆமை நடைக்கு எத்தனை நாள் ஆகும், வழியில் எந்தக் கல்லில் நிழல் இருந்தது என்பதையும் சொன்னான். பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் உம் கொட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"செம்மூக்கி அக்கா அஞ்சு குஞ்சோட போனா," என்றான் விருட்டன்.

எத்தனையோ பெரிய பெரிய எண்ணெல்லாம் சரளமாகச் சொன்ன வாய் அது. மூன்று தரம் திறந்து திறந்து மூடியது. குளத்தங்கரை முழுக்க மூச்சுவிடாமல் காத்திருந்தது.

"இப்ப நாலு," என்றான்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, போய் வந்த கதையை நண்பர்களிடம் ஆசை தீரச் சொல்லுங்கள், ஆனால் போகாத இடத்தைப் போனதாகவும் குடிக்காத தண்ணீரைக் குடித்ததாகவும் சொல்லாதீர்கள்; உங்களுக்கு அது வெறும் பேச்சு, அதை நம்பி நடக்கிறவர்களுக்கு அதுதான் வழி.